மிஷனரி ஊரைவிட்டுப் போன பிறகு: ஆப்பிரிக்காவில் கிறிஸ்தவம் பரவிய விதம்

மிஷனரி என்றதும் பலருக்கு மனதில் வருவது ஒரே படம்தான்: வெள்ளைத் தோல், நீண்ட அங்கி, கையில் பைபிள், பின்னால் ஒரு பள்ளிக்கூடமோ ஆஸ்பத்திரியோ. திருநெல்வேலி, நாகர்கோவில், யாழ்ப்பாணம் பக்கம் வளர்ந்தவர்களுக்கு இது இன்னும் அழுத்தமாகப் பதிந்திருக்கும். படம் பொய்யில்லை. ஆனால் இரண்டாயிரம் ஆண்டு வரலாற்றில் கடைசி சில நூற்றாண்டுகளுக்குத்தான் அது பொருந்தும். அந்த நூற்றாண்டுகளிலும் வேலையில் பெரும்பகுதியைச் செய்தவர்கள் படத்துக்குள் வரவே இல்லை.

முதலில் அடிப்படை. தன் நம்பிக்கை இன்னும் போய்ச் சேராத இடத்துக்கு ஒரு சபை ஆள் அனுப்பினால் அது மிஷன். போகிறவர் மிஷனரி. கத்தோலிக்கர் இதை மறைப்பணி என்பார்கள், மற்ற சபையார் அருட்பணி, ஊழியம் என்பார்கள். எல்லா மதங்களும் இப்படி ஆள் அனுப்புவதில்லை. பார்சிகள் அனுப்புவதில்லை, யூதர்கள் பெரும்பாலும் அனுப்பியதில்லை. பௌத்தம், கிறிஸ்தவம், இஸ்லாம் மூன்றும்தான் இதில் முன்னே நிற்பவை.

ஒரு மிஷன் வென்றதா தோற்றதா என்று பார்க்க, எத்தனை பேர் ஞானஸ்நானம் பெற்றார்கள் என்று கணக்கெடுப்பது வழக்கம். எனக்கு அதைவிட உபயோகமாகத் தோன்றும் கேள்வி வேறு. போனவர் செத்தோ, விரட்டப்பட்டோ, கப்பலேறியோ அந்த இடத்தைவிட்டு நீங்கிய பிறகு அங்கே என்ன ஆயிற்று? ஆப்பிரிக்காவின் கதையை இந்தக் கேள்வியோடு படித்தால் நிறைய விஷயங்கள் தெளிவாகும்.

முதல் நூற்றாண்டுகள்

ஆதிச் சபையில் மிஷன் சங்கமும் கிடையாது, சம்பளமும் கிடையாது. பவுல் கூடாரம் செய்யும் தொழிலாளி. அந்தியோகியா சபை அவரை அனுப்பியது. அவர் ரோமப் பேரரசு போட்டு வைத்திருந்த சாலைகளிலும் வணிகக் கப்பல்களிலும் பயணம் செய்தார். எங்கே போனாலும் கிரேக்கம் பேசினால் போதும். ஆனால் அவர் ரோமாபுரிக்குப் போவதற்கு முன்பே அங்கே சபை இருந்தது. அதனால்தான் அவர்களுக்கு முன்கூட்டியே ஒரு நிருபம் எழுத முடிந்தது. அந்தச் சபையை யார் தொடங்கினார்கள்? வியாபாரிகள், அடிமைகள், வேலை தேடிப் போனவர்கள் என்று பொதுவாகத்தான் சொல்லலாம், பெயர் கிடையாது. பெயரில்லாத இவர்கள் கடைசி வரை வருவார்கள், கவனித்துக்கொண்டே வாருங்கள்.

ஆப்பிரிக்காவுக்குக் கிறிஸ்தவம் ஐரோப்பாவிலிருந்து போனது என்று நினைத்திருந்தால் அதை இங்கேயே மாற்றிக்கொள்ளலாம். எகிப்தின் அலெக்சாந்திரியா சபையை மாற்கு நிறுவினார் என்பது அந்தச் சபையின் மரபு. இன்றைய துனிசியாவில் இருந்த கார்த்தேஜ் நகரத்தின் தெர்த்துல்லியனும் சிப்ரியனும் லத்தீன் இறையியலின் முன்னோடிகள். கி.பி. 354இல் இன்றைய அல்ஜீரியாவில் பிறந்த அகஸ்டின் இல்லாமல் மேற்கத்தியக் கிறிஸ்தவத்தையே நினைக்க முடியாது. பிரிட்டனில் கான்டர்பரிக்கு ரோமிலிருந்து மிஷனரிகள் வந்து சேர்ந்தது 597இல்தான். அப்போது வட ஆப்பிரிக்கச் சபைக்கு வயது நானூறைத் தாண்டியிருந்தது.

ஆனால் அந்த வட ஆப்பிரிக்கச் சபை இன்று இல்லை. 698இல் கார்த்தேஜ் அரபுப் படைகளிடம் விழுந்தது, அடுத்த சில நூற்றாண்டுகளில் சபையும் மெல்லக் கரைந்துபோனது. அதே அரபு ஆட்சியின் கீழ் வந்த எகிப்தில் காப்டிக் சபை இன்றும் கோடிக்கு அருகில் மக்களோடு இருக்கிறது. ஏன் இந்த வித்தியாசம்? அடிக்கடி சொல்லப்படும் காரணம் இது: கார்த்தேஜ் பக்கத்தில் சபை லத்தீன் பேசும் நகரத்தாரோடு ஒட்டியிருந்தது, உள்நாட்டு பெர்பெர் மக்களின் பேச்சில் வேதம் இறங்கவில்லை. எகிப்திலோ கிராமத்தான் பேசும் காப்டிக்கில் வேதமும் வழிபாடும் இருந்தன, பாலைவனத்தில் உழவர் வீட்டுப் பிள்ளைகள் துறவிகளாக இருந்தார்கள். இதுமட்டுமே காரணம் என்று சொல்லிவிட முடியாது. நகரத்தார் ஓடிப்போனதும் உட்சபைச் சண்டைகளும் சேர்ந்தே வேலை செய்தன. ஆனாலும் இது பெரிய காரணம் என்றுதான் நினைக்கிறேன்.

எத்தியோப்பியாவின் கதை விபத்தில் தொடங்குகிறது. நான்காம் நூற்றாண்டில், இன்றைய லெபனானில் உள்ள தீர் நகரத்துக் கிறிஸ்தவச் சகோதரர்கள் இருவர், ஃப்ரூமென்டியஸ், எடேசியஸ், வந்த கப்பல் செங்கடல் கரையில் தாக்கப்பட்டது. பிழைத்த இருவரையும் எத்தியோப்பியாவின் பழைய தலைநகரான அக்சும் அரண்மனைக்கு அடிமைகளாகக் கொண்டுபோனார்கள். ஃப்ரூமென்டியஸ் படிப்படியாக அரசாங்கப் பொறுப்புக்கு உயர்ந்து, அங்கு வந்துபோன கிறிஸ்தவ வணிகர்களுக்குக் கூடிவர இடம் செய்து கொடுத்தார். விடுதலை கிடைத்ததும் நேரே அலெக்சாந்திரியா போய், எங்களுக்கு ஒரு ஆயரைக் கொடுங்கள் என்று அங்கே தலைமை ஆயராக இருந்த அத்தனாசியசிடம் கேட்டார். நீயே போ என்று அவரையே ஆயராக்கி அனுப்பிவிட்டார் அத்தனாசியஸ். அரசர் ஏசானா கிறிஸ்தவரானார். அவர் அடித்த பழைய காசுகளில் பிறையும் வட்டும் இருக்கும், பிந்தியவற்றில் சிலுவை இருக்கும். இன்றும் அருங்காட்சியகங்களில் பார்க்கலாம். ஒரு வேடிக்கை: எத்தியோப்பியச் சபையின் தலைமை ஆயர் அதற்குப் பிறகு கிட்டத்தட்ட 1,600 ஆண்டுகள் எகிப்திலிருந்தே வந்துகொண்டிருந்தார். அந்நாட்டவர் ஒருவர் அந்தச் சபையின் முதல் பிதாப்பிதா, அதாவது தன்னாட்சி பெற்ற சபையின் தலைவர், ஆனது 1959இல்.

இடைக்காலத்தை வேகமாகக் கடக்கலாம். அயர்லாந்துக்கு பேட்ரிக், ஸ்லாவியருக்கு சிரிலும் மெத்தோடியசும், 635இல் சீனத் தலைநகருக்கு சிரியச் சபையின் அலோபென். மிஷன் பெரும்பாலும் துறவிகளின் வேலையாக இருந்த காலம் அது.

கப்பல்களோடு வந்த சிலுவை

1483இல் போர்த்துக்கீசியக் கப்பல் காங்கோ ஆற்றின் முகத்துவாரத்தை அடைந்தது. 1491இல் காங்கோ அரசர் ஞானஸ்நானம் பெற்றார். அவருடைய மகன் அஃபோன்சோ 1509 முதல் ஆட்சி செய்தவர், உண்மையான பக்தர். பள்ளிகள் தொடங்கினார், மகன் என்ரிக்கேயை ஐரோப்பாவில் படிக்க வைத்தார். 1518இல் என்ரிக்கே ஆயரானார். ஆனால் சிலுவை வந்த அதே கப்பலில்தான் அடிமை வியாபாரியும் வந்தான். 1526இல் அஃபோன்சோ போர்த்துக்கீசிய அரசருக்கு எழுதிய கடிதங்கள் இன்றும் உள்ளன. உங்கள் வணிகர்கள் எங்கள் மக்களை, பிரபுக்களின் பிள்ளைகளைக்கூட, பிடித்துக்கொண்டு போகிறார்கள், நாடு காலியாகிறது, எங்களுக்குப் பாதிரிகளும் வாத்தியார்களும் போதும் என்று முறையிடுகிறார். பெரிதாக ஒன்றும் மாறவில்லை.

இரு நூற்றாண்டு கழித்து, உள்நாட்டுப் போரில் சிதைந்த அதே காங்கோவில் கிம்பா விட்டா என்ற இளம்பெண் எழுந்தாள். புனித அந்தோணியார் தன்னுள் வந்திருக்கிறார் என்றாள், இயேசு காங்கோவில் பிறந்தவர் என்றாள், பாழடைந்த தலைநகருக்கு மக்களைத் திரும்ப அழைத்துப் போனாள். ஐரோப்பாவிலிருந்து வந்திருந்த கப்புச்சின் என்ற கத்தோலிக்கத் துறவிகள் அவளை மதத்துரோகி என்றார்கள். 1706 ஜூலை தொடக்கத்தில் அவள் எரித்துக் கொல்லப்பட்டாள். அதே ஜூலையில்தான் ஜெர்மன் மிஷனரி சீகன்பால்க் தரங்கம்பாடியில் கரையிறங்கினார். சம்பந்தமில்லாத இரண்டு நிகழ்ச்சிகள்தான், ஆனாலும் இந்தத் தேதி ஒற்றுமை எனக்கு மறப்பதில்லை.

புராட்டஸ்டண்ட் மிஷன் ஆப்பிரிக்காவில் தொடங்கிய விதம் அடக்கமானது. 1737இல் மொரேவியச் சபை என்ற ஜெர்மன் புராட்டஸ்டண்ட் சபையின் கியோர்க் ஷ்மிட் தனியாளாகத் தென்னாப்பிரிக்கா போய், அங்குள்ள பூர்வகுடிகளான கோய்கோய் மக்கள் நடுவே தங்கினார். சிலருக்கு ஞானஸ்நானம் கொடுத்தார். உனக்கு அந்த அதிகாரம் இல்லை என்று அங்கே ஆண்ட டச்சுக்காரரின் பாதிரிமார் எதிர்க்க, 1744இல் கிளம்பிவிட்டார். 1792இல் வேறு மூன்று மொரேவியர்கள் அங்கே போனபோது லேனா என்ற வயதான பெண்மணி ஷ்மிட் கொடுத்த புதிய ஏற்பாட்டைப் பத்திரமாக எடுத்துக் காட்டினார். அரை நூற்றாண்டு பாதிரி இல்லை, கோயில் இல்லை. அந்தப் புத்தகத்தை வாசித்துக் காட்டி ஜெபம் நடத்தியவர்கள் உள்ளூர்க்காரர்களே.

குரோத்தரும் செச்சேலேயும்

பத்தொன்பதாம் நூற்றாண்டு மிஷன் சங்கங்களின் காலம். 1792இல் பாப்டிஸ்ட் சங்கம், 1795இல் லண்டன் மிஷன், 1799இல் நமக்கு நன்றாகத் தெரிந்த சர்ச் மிஷனரி சொசைட்டி, சுருக்கமாக சி.எம்.எஸ். ஊர் ஊராகச் சந்தா வசூலித்து, ஆள் தேர்ந்து, அறிக்கை அச்சிட்டு நடந்த அமைப்புகள். மேற்கு ஆப்பிரிக்கக் கரைக்கு இவர்கள் அனுப்பியவர்களில் பலர் மலேரியாவிலும் மஞ்சள் காய்ச்சலிலும் ஓரிரு ஆண்டுக்குள் மாண்டார்கள். வெள்ளையனின் கல்லறை என்றே அந்தக் கரைக்குப் பெயர். உள்ளூர் ஆட்களை நம்பியே ஆகவேண்டும் என்ற பாடத்தைக் கொள்கையைவிடக் கொசுதான் முதலில் சொல்லிக்கொடுத்தது.

அப்படி நம்பப்பட்டவர்களில் முக்கியமானவர் சாமுவேல் அஜாயி குரோத்தர். இன்றைய நைஜீரியாவில், யோருபா நாட்டில் பிறந்தவர். 1821இல், சிறுவனாக இருக்கும்போது, ஊர் கொளுத்தப்பட்டு அடிமையாகப் பிடிபட்டார். கை மாறி மாறி விற்கப்பட்டு போர்த்துக்கீசியக் கப்பலில் ஏற்றப்பட்டவரை, பிரிட்டிஷ் கடற்படை 1822இல் மீட்டு சியரா லியோனின் ஃப்ரீடவுனில் இறக்கியது. இப்படி மீட்கப்பட்டவர்கள் அங்கே ஆயிரக்கணக்கில் இருந்தார்கள், பல இனம், பல பேச்சு. குரோத்தர் படித்தார், ஃபூரா பே கல்லூரியின் முதல் மாணவர்களில் ஒருவரானார். 1841இல் நைஜர் ஆற்றில் பிரிட்டன் அனுப்பிய பயணத்தில் போனார். அதில் காய்ச்சலால் இறந்த ஐரோப்பியர் மட்டும் நாற்பது பேருக்கு மேல். 1843இல் குருப்பட்டம் பெற்றார். அப்புறம் யோருபா நகரமான அபெயோகுத்தாவில் ஊழியம் செய்யப் போனபோது, 1846இல், அடிமையாய்ப் பிரிந்த தாயைக் கண்டுபிடித்தார். பிறகு தாய்க்கும் ஞானஸ்நானம் கொடுத்தார். யோருபா இலக்கணமும் அகராதியும் எழுதி, வேதாகம மொழிபெயர்ப்பை முன்நின்று நடத்தினார்.

அப்போது சி.எம்.எஸ். செயலாளர் ஹென்றி வென். அவருடைய கொள்கை எளிது: ஒரு சபை தன்னைத் தானே நடத்தி, தன் செலவைத் தானே தாங்கி, தன் ஊழியத்தைத் தானே பரப்ப வேண்டும். அந்த நிலை வந்ததும் மிஷனரி வேறு இடத்துக்குப் போய்விட வேண்டும். நான் மேலே கேட்ட கேள்வியைக் கேட்டு வைத்தவர் என்றே அவரைச் சொல்லலாம். அவர் முயற்சியில் 1864இல் குரோத்தர் ஆங்கிலிக்கன் சபையின் முதல் ஆப்பிரிக்கப் பேராயரானார். நைஜர் மிஷனில் ஊழியர்கள் அத்தனை பேரும் ஆப்பிரிக்கர்கள்.

முடிவு நன்றாக இல்லை. வென் 1873இல் இறந்தார், காலனி ஆசை ஏறிக்கொண்டிருந்தது. கேம்பிரிட்ஜிலிருந்து வந்த இளம் மிஷனரிகள் குரோத்தரின் ஆட்கள்மேல் ஒழுக்கக்கேடு, நிர்வாகக் குறை என்று குற்றம் அடுக்கினார்கள். குறைகள் இருந்தன, ஆனால் விசாரித்த விதம் அவமானப்படுத்துவதாக இருந்தது. எண்பது வயதுப் பேராயர் 1890இல் பொறுப்பை விட்டு விலகினார், 1891 டிசம்பர் 31 அன்று காலமானார். அவர் இடத்துக்கு வெள்ளையர் வந்தார். கோபத்தில் லாகோஸில் படித்த கிறிஸ்தவர்கள் தனிச் சபைகளைத் தொடங்கினார்கள். இந்தியாவில் ஆங்கிலிக்கன் சபைக்கு முதல் இந்தியப் பேராயர், திருநெல்வேலி வெள்ளாளன்விளையில் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா, 1912இல்தான் வந்தார் என்பதை ஒப்பிட்டுப் பார்த்தால், 1864 எவ்வளவு துணிச்சலான முடிவு என்று தெரியும்.

இனி டேவிட் லிவிங்ஸ்டன். உலகம் அறிந்த மிஷனரி, ஆனால் மதம் மாற்றியவர்கள் என்று பார்த்தால் பெரும்பாலும் ஒருவரைத்தான் சொல்வார்கள்: இன்றைய போட்ஸ்வானாவில் இருந்த பக்வேனா மக்களின் தலைவர் செச்சேலே. ஆர்வமாக எழுத்துப் படித்து, வேதத்தை வாசித்து, 1848இல் ஞானஸ்நானம் பெற்றார். அதற்காக ஐந்து மனைவியரில் நால்வரை அனுப்பிவிட வேண்டியிருந்தது. தலைவருக்கு மழை வரவழைக்கும் கடமையும் உண்டு, அதையும் விட்டார். பஞ்சம் தொடர்ந்ததால் ஊரே முறைத்தது. சில மாதத்தில் விலக்கிய மனைவி ஒருத்தி கர்ப்பமானாள். லிவிங்ஸ்டன் அவரை நற்கருணையிலிருந்து நீக்கினார், பிறகு வடக்கே ஆராய்ச்சிப் பயணங்களுக்குக் கிளம்பிவிட்டார், இதைத் தோல்வி என்றே எண்ணிக்கொண்டு.

செச்சேலே விடவில்லை. தானே ஜெபம் நடத்தினார், தானே பிரசங்கித்தார், பள்ளி நடத்தினார், அண்டை இனங்களுக்கும் சொல்லிக் கொடுத்தார், ஜெர்மன் மிஷனரிகளை வரவழைத்தார். மழைச் சடங்கையும் பலதார மணத்தையும் முழுதாக விட்டாரா என்றால் இல்லை. மிஷனரிகளுக்கு இது தலைவலி. அவருக்கோ பெரிய முரணாகப் படவில்லை. லிவிங்ஸ்டன் வெஸ்ட்மின்ஸ்டர் தேவாலயத்தில் அடக்கம் செய்யப்பட்டு உலகப் புகழ் பெற்றார். அந்தப் பகுதியில் கிறிஸ்தவத்தைப் பரப்பிய வகையில் பார்த்தால் செச்சேலேயின் பங்கு அவரைவிடப் பெரியது.

காலனி ஆட்சியும் மிஷனும்

மிஷனரிகள் காலனி ஆட்சியின் கைக்கூலிகளா, எதிரிகளா? இரண்டுக்கும் சாட்சி உண்டு. 1888இல், இன்றைய ஜிம்பாப்வேயில் இருந்த ந்டெபெலே மக்களின் அரசர் லோபெங்குலாவிடம் சுரங்க உரிமை வாங்க, ஆங்கிலேயச் சுரங்க முதலாளி செசில் ரோட்ஸின் ஆட்கள் வந்தபோது மொழிபெயர்த்தவர் லண்டன் மிஷனின் சார்லஸ் ஹெல்ம். பத்து வெள்ளையருக்கு மேல் வரமாட்டோம் என்று வாயால் சொன்னது பத்திரத்தில் ஏறவில்லை. அந்தப் பத்திரத்தை வைத்தே நாடு பறிபோனது. மறுபக்கம், பெல்ஜிய அரசர் லியோபோல்டின் காங்கோவில் ரப்பருக்காகக் கைகளை வெட்டிய கொடுமையை உலகுக்குக் காட்டியவர்களும் மிஷனரிகளே. 1904இல் அலிஸ் சீலி ஹாரிஸ் எடுத்த ஒரு புகைப்படத்தில், தன் மகளின் வெட்டப்பட்ட கையையும் பாதத்தையும் பார்த்தபடி ஒரு தந்தை உட்கார்ந்திருக்கிறார். அமெரிக்கக் கறுப்பின மிஷனரி வில்லியம் ஷெப்பர்ட் ஒரு முகாமில் 81 வலக் கைகளை எண்ணி எழுதினார். 1908இல் லியோபோல்ட் காங்கோவைத் தன் கையிலிருந்து விட வேண்டியதாயிற்று.

மிஷன் பள்ளிகளைப் பற்றித் தனியாகவே எழுதலாம். அவமதிப்பும் அங்கேதான் நடந்தது, விடுதலைப் பேச்சும் அங்கேதான் முளைத்தது. நெல்சன் மண்டேலா மெத்தடிஸ்ட் பள்ளி மாணவர், தான்சானியாவின் நியெரேரே கத்தோலிக்கப் பள்ளி ஆசிரியர், சாம்பியாவின் கென்னத் கவுண்டாவின் அப்பாவே ஸ்காட்லாந்து மிஷனில் ஊழியராக இருந்த ஆப்பிரிக்கர்.

அந்த அப்பாவைப் போன்றவர்கள்தான் நான் கவனிக்கச் சொன்னவர்கள். மிஷன் பங்களாவில் ஒரு வெள்ளைக்காரர் இருந்தால், சுற்றுக் கிராமங்களில் ஓலைக் கூரைக்குக் கீழே எழுத்தும் ஜெபமும் சொல்லிக் கொடுத்தவர்கள் பல பத்து உள்ளூர் ஊழியர்கள். நம் பக்கம் உபதேசியார் என்போமே, அதே ஆள்தான். சம்பளம் சொற்பம், அறிக்கைகளில் பெயர்கூடப் பெரும்பாலும் வராது.

இதன் உச்சம் வில்லியம் வாடே ஹாரிஸ். லைபீரியாவில் கிரேபோ இனத்தவர், பள்ளி ஆசிரியராக இருந்தவர், அரசியல் குற்றத்துக்காகச் சிறையில் இருந்தபோது கபிரியேல் தூதனைக் கண்டதாகச் சொன்னார். 1913இல் வெள்ளை அங்கி, தலைப்பாகை, மூங்கில் சிலுவை, பைபிள் சகிதம், சுரைக்குடுக்கை தட்டிப் பாடும் பெண்களோடு ஐவரி கோஸ்டுக்குள் கால்நடையாக நுழைந்தார். பழைய வழிபாட்டுப் பொருள்களை எரிக்கச் சொன்னார். எரித்தவர்களுக்கு அங்கேயே ஞானஸ்நானம். மிஷனரிகள் இரண்டு மூன்று ஆண்டுகள் படிக்க வைத்துத்தான் கொடுப்பார்கள். பலதார மணத்தையும் அவர் பிரச்சினையாக்கவில்லை. ஒன்றரை ஆண்டுக்குள் ஞானஸ்நானம் பெற்றவர்கள் ஒரு லட்சத்துக்கும் மேல் என்பது பொதுவான மதிப்பீடு. பிரெஞ்சு அரசு பயந்துபோய் அவரைப் பிடித்து நாடு கடத்தியது. போகும்முன் மக்களிடம் அவர் சொல்லிவிட்டுப் போனது: கோயில் கட்டுங்கள், பைபிளோடு வாத்தியார்கள் வருவார்கள், காத்திருங்கள். 1924இல் மெத்தடிஸ்ட் மிஷனரி ஒருவர் அந்தப் பக்கம் போனபோது, பத்து ஆண்டாக யாரும் வராமலே கூடிவந்துகொண்டிருந்த சபைகளைக் கண்டு திகைத்தார்.

காங்கோவின் சிமோன் கிம்பாங்குவுக்குக் கிடைத்தது இன்னும் குறைந்த காலம். பாப்டிஸ்ட் மிஷனில் வளர்ந்த அவர் 1921 ஏப்ரலில் நோய் தீர்க்கத் தொடங்கினார், செப்டம்பரில் கைதானார். மரண தண்டனை ஆயுள் தண்டனையாகக் குறைக்கப்பட்டது. முப்பது ஆண்டு சிறையிலேயே இருந்து 1951இல் இறந்தார். அவருடைய ஆட்களைப் பெல்ஜிய அரசு நாட்டின் மூலைமுடுக்கெல்லாம் நாடு கடத்தியது. விளைவு, போன இடமெல்லாம் சபை முளைத்தது. அரசு செலவிலேயே மிஷன் நடந்த மாதிரி. 1969இல் கிம்பாங்குச் சபை உலகத் திருச்சபைகள் மன்றத்தில் சேர்ந்தது.

இன்று

1900இல் ஆப்பிரிக்காவில் கிறிஸ்தவர்கள் ஏறக்குறைய ஒரு கோடி, அதிலும் பெரும்பங்கு எகிப்திலும் எத்தியோப்பியாவிலும். இன்று 60 கோடிக்கும் மேல். 1960 வாக்கில் நாடுகள் விடுதலை பெற்றபோது, வெள்ளையர் போனால் இந்த மதமும் போய்விடும் என்று நினைத்தவர்கள் உண்டு. எண்ணிக்கை மிக வேகமாக ஏறியதே அதற்குப் பிறகுதான். 1971இல் கென்யாவின் பிரஸ்பிட்டேரியன் சபைப் பொதுச் செயலாளர் ஜான் கட்டு, வெளிநாட்டு ஆட்களையும் பணத்தையும் சில காலம் நிறுத்துங்கள், நாங்கள் எங்கள் காலில் நிற்கப் பார்க்கிறோம் என்றார். மேற்கத்தியச் சபைகள் பல கோபப்பட்டன. முழுத் தடை எங்கும் வரவில்லை, ஆனால் பேச்சின் தொனி மாறியது.

இப்போது ஆள் போகும் திசையும் மாறிவிட்டது. 1952இல் லாகோஸில் தொடங்கிய ரிடீம்ட் கிறிஸ்டியன் சர்ச்சுக்கு பிரிட்டனில் மட்டும் நூற்றுக்கணக்கான கிளைகள் உள்ளன. உகாண்டாவில் பிறந்த ஜான் சென்டாமு 2005 முதல் 2020 வரை யார்க் நகரப் பேராயராக, இங்கிலாந்துச் சபையில் இரண்டாவது இடத்தில் இருந்தார். எல்லாமே பாராட்டும்படி இல்லை. காணிக்கை கொடுத்தால் செல்வம் பெருகும் என்று சொல்லும் போதகர்கள் ஆப்பிரிக்காவிலேயே கடும் விமர்சனத்துக்கு ஆளாகிறார்கள். லண்டனில் உள்ள நைஜீரியச் சபைகளுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. ஆங்கிலேயருக்கு நற்செய்தி சொல்ல வந்தோம் என்று அறிவித்தாலும் ஞாயிற்றுக்கிழமை உள்ளே உட்கார்ந்திருப்பவர்கள் பெரும்பாலும் நைஜீரியக் குடும்பங்களே. நூறாண்டு முன் லாகோஸில் ஆங்கிலேயப் பாணிப் பாட்டும் உடையும் ஒட்டாமல் போனதுபோல, லாகோஸ் பாணிப் பாட்டும் மூன்று மணி நேர ஆராதனையும் லண்டன்காரருக்கு ஒட்டவில்லை. அங்கேயே பிறந்த தங்கள் பிள்ளைகள் தொடர்ந்து வருவார்களா என்பதும் அந்தப் போதகர்களின் பெரிய கவலையாக இருக்கிறது.